நாகான் கிழவியும் ஒரு முடி நுழையும் இடைவெளியும்

நிஜத் துப்பாக்கிகளின் பெயரைத் தாங்கிய பெண் உருவ ரோபோக்களை, அதாவது டால்களை, சண்டைக்கு அனுப்புகிற மொபைல் விளையாட்டு கேர்ள்ஸ் ஃபிரண்ட்லைன். அதை ஆடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைகளில் ஒன்று, கைத்துப்பாக்கி டாலுக்கு சைலன்சர் மாட்டுவது. லெவல் 20, 50, 80 என்று மூன்று கருவி இடங்கள் திறக்கும். ஒன்றில் சைலன்சர் அல்லது இரவுப் பார்வைக் கருவி, இன்னொன்றில் தோட்டா, மற்றொன்றில் எக்ஸோ என்ற உடம்பில் மாட்டும் இயந்திரச் சட்டகம். சைலன்சர் மாட்டினால் கிரிட்டிகல், அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி, விழும் வாய்ப்பு கூடும், எதிரியின் அடிக்குத் தப்புவதும் கூடும். கோல்ட் ரிவால்வருக்கு மாட்டினாலும் அதே எண்தான் ஏறும். பைத்தானுக்கு மாட்டினாலும் அதேதான். நாகான் எம்1895-க்கு மாட்டினாலும் அதேதான். இந்த மூன்றாவது வரிதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நிஜத்தில் இந்த மூன்று ரிவால்வர்களில் சைலன்சருக்கு முழுப் பலன் கொடுக்கக்கூடியது நாகான் மட்டும்தான். மற்ற இரண்டின் முனையில் எவ்வளவு நல்ல சைலன்சரை மாட்டினாலும் சத்தம் வேறு வழியாக வெளியே வந்துவிடும். அந்த வழியை அடைப்பதற்காகவே உருவான துப்பாக்கி நாகான். அதன் பெயரையும் நாட்டையும் வயதையும் எடுத்துக்கொண்ட கேரக்டர், அதன் உயிர்நாடியான இந்த ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டுக் கணக்குக்குள் கொண்டுவரவில்லை.

இங்கே பேசுவது விளையாட்டுக்குள் டால்களைத் தயாரிக்கிற ஃபேக்டரியிலிருந்து வெளிவரும் 2 நட்சத்திர நாகானைப் பற்றி. நியூரல் அப்கிரேட் என்ற மேம்பாட்டை முடித்தவர்களுக்கு லெவல் 120 வரை போகும், தனக்கே உரிய கருவியும் கையில் வரும். அதெல்லாம் நெடுநாள் உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் பரிசு. ஒரு துப்பாக்கியின் பிறவிக் குணத்தைப் பரிசாகத் தள்ளிவைக்கக் கூடாது, முதல் நாளே தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

ரிவால்வரின் ஓட்டை

எந்த ரிவால்வரையும் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளையான சிலிண்டரின் முன்முகத்துக்கும், குண்டு வெளியேறும் குழலான பேரலின் பின்முனைக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். தலைமுடி ஒன்றோ இரண்டோ நுழையும் அளவு, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு. சிலிண்டர் சுழல வேண்டும் என்றால் அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாலு குண்டு சுட்டதும் கரி படிந்து, சூட்டில் உலோகம் விரிந்து, சிலிண்டர் இறுகி நின்றுவிடும். ஆனால் சுடும்போது குண்டு அந்த இடத்தைத் தாண்டிப் பேரலுக்குள் நுழைகிற நொடியில், அதன் பின்னால் வருகிற கொதிக்கும் வாயுவில் ஒரு பகுதி இரண்டு பக்கமும் பீறிட்டு வெளியேறும். ரிவால்வர் சுடப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே, இன்னொரு கையின் விரலை சிலிண்டரின் முன்னால் வைக்காதே என்பதுதான். வைத்தால் தோலைக் கிழித்துவிடும்.

லியேஜ் நகரத்து லியோன் நாகான் இந்த ஓட்டையை அடைத்தார். லியேஜ், பெல்ஜியத்தின் துப்பாக்கி ஊர். அண்ணன் எமிலும் லியோனும் அங்கே ஆயுதத் தொழிற்சாலை நடத்தினார்கள், பிற்காலத்தில் அந்த நிறுவனம் கார்கூடச் செய்தது. ரஷ்யாவோடு அவர்களுக்கு முன்பே தொடர்பு உண்டு. 1891-ல் ஜார் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிளுக்கான போட்டியில் ரஷ்ய அதிகாரி மோசினோடு மோதியவர் இதே லியோன்தான். அந்த ரைஃபிளை வெளிநாட்டார் மோசின் நாகான் என்கிறார்கள். விளையாட்டிலும் அதே பெயரில் 4 நட்சத்திர ரைஃபிள் டால் இருக்கிறாள். ரஷ்யர்களோ அந்த ரைஃபிளை மூன்று கோட்டுத் துப்பாக்கி என்ற பொருளில் த்ரியோக்லினெய்க்கா என்பார்கள். ஒரு கோடு என்றால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று கோடு 7.62 மில்லிமீட்டர். நகான் என்று ரஷ்யாவில் ஒருவர் சொன்னால் அது ரிவால்வர் மட்டுமே. நாம் எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல அங்கே எந்தக் கம்பெனி ரிவால்வருக்கும் பேச்சுவழக்கில் நகான் என்றே பெயராகிவிட்டது. ஒரே நாகான் குடும்பத்தின் பெயரைச் சுமக்கும் இரண்டு டால்களில், தன் நாட்டிலேயே அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவள் இந்தச் சின்னவள்தான்.

1895-ல் ஜார் ராணுவம் இந்த ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. முதலில் லியேஜிலிருந்து வந்தது, 1898-லிருந்து ரஷ்யாவின் தூலா தொழிற்சாலை தானே செய்ய ஆரம்பித்தது. ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே 7.62 துளை என்பதால் பேரல் குடைகிற கருவிகளையும் அளவுமானிகளையும் பகிர்ந்துகொள்ள முடிந்தது. மன்னராட்சி போய், புரட்சி வந்து, உள்நாட்டுப் போர் முடிந்து, இரண்டாம் உலகப் போர் ஓயும் வரைக்கும் உற்பத்தி நிற்கவில்லை. இருபது லட்சத்துக்கும் மேல் வெளிவந்த துப்பாக்கி இது.

ஹேமர் பின்னால் போகும்போது நடப்பது

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இந்த அரை நொடிக்குள்தான் இருக்கிறது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிறோம். முதலில், மற்ற ரிவால்வர்களில் நடப்பதுபோல ஒரு கொக்கி சிலிண்டரை ஏழில் ஒரு சுற்று திருப்பி, அடுத்த அறையைப் பேரலுக்கு நேரே நிறுத்துகிறது. மற்ற ரிவால்வரில் கதை இங்கே முடிந்துவிடும். நாகானில் விரல் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்க, மொத்தச் சிலிண்டரும் முன்னோக்கி நகர்கிறது. ஒவ்வொரு அறையின் வாயும் உள்பக்கம் லேசாகக் குடையப்பட்டிருக்கும். பேரலின் பின்முனை அதற்கேற்றபடி கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். மூடி மேல் மூடி உட்காருவதுபோல அறையின் வாய் பேரலின் முனைமேல் போய் அமர்கிறது. அதே இழுப்பில் பின்புறம் ஓர் எஃகுக் கட்டை எழும்பி, தோட்டாவின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்கிறது. முன்னால் போன சிலிண்டர் சுடும்போது பின்னால் உதைத்து வராமல் இருக்க இந்த முட்டு தேவை. இத்தனையும் சுழன்று, நகர்ந்து, எழும்பி முடிந்த பிறகுதான் ஹேமர் தன் இடத்தில் நிற்கும்.

இது பாதிதான். உலோகத்தோடு உலோகம் எவ்வளவு நெருங்கினாலும் வாயுவுக்கு வழி கிடைத்துவிடும். மீதி வேலையைத் தோட்டா செய்கிறது. நாகான் தோட்டாவை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அதைக் காலித் தோட்டா என்றே நினைப்பார்கள். வழக்கமாகக் குண்டின் தலை பித்தளை உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டதுபோல 7 கிராம் குண்டு முழுதாக உறைக்குள் இறங்கியிருக்கும், உறையின் வாய் அதற்கு மேலே கொஞ்சம் குறுகி மூடினாற்போல் இருக்கும். உறையின் நீளம் 38 மில்லிமீட்டர். தோட்டாவின் பெயரான 7.62×38-ல் பின்னால் வருகிற எண் அதுதான். அறைக்குள் போட்டால் உறையின் வாய் சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி மெல்லிய விளிம்பாக வெளியே தெரியும். சிலிண்டர் முன்னால் நகரும்போது அந்த விளிம்பு பேரலுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. வெடித்ததும் குண்டு உள்ளிருந்து முட்டிக்கொண்டு போகிற வேகத்தில் வாய் விரிந்து பேரலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இருந்த ஓட்டைக்குப் பித்தளையால் உள்பக்கமாக ஒரு குழாய் போட்டுவிட்டதுபோல ஆகிவிடுகிறது. ட்ரிகரை விட்டதும் சிலிண்டர் ஸ்பிரிங்கால் பின்வாங்கும். பித்தளை விளிம்பும் பேரலிலிருந்து உருவிக்கொள்ளும். அடுத்த அறை சுழல வழி பிறக்கும்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் கிடைத்தது என்ன? நொடிக்கு 15-லிருந்து 45 மீட்டர் வரை கூடுதல் வேகம் என்று சொல்வார்கள். மொத்த வேகமே 270 மீட்டர் சொச்சம்தான் என்பதால் அது சில்லறை லாபமாகத் தெரியாது. ஆனாலும் ராணுவக் கைத்துப்பாக்கி சுடுகிற தூரத்தில் அந்த லாபத்தை வைத்து யாருடைய உயிரும் கூடவோ குறையவோ போவதில்லை. கொஞ்சம் வெடிமருந்தைக் கூடப் போட்டாலே அந்த வேகம் வந்துவிடும். நாகான் வடிவமைப்பைக் குறை சொல்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் நிற்பார்கள், அவர்கள் சொல்வது சரியும்கூட. அந்த அடைப்பின் உண்மையான பயன், அதைச் செய்தவர் எதிர்பார்க்காத திசையிலிருந்து முப்பது நாற்பது வருடம் கழித்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அதற்குக் கொடுத்த விலை.

விரலில் விழுந்த பாரம்

சுழற்று, முன்னே தள்ளு, முட்டுக் கட்டையை எழுப்பு, ஹேமரைத் தூக்கு. ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும்போது இந்த நான்கு வேலையும் ஒரே ஆள்காட்டி விரலின் தலையில் விழுகிறது. அந்த இழுப்புக்குச் சுமார் 9 கிலோ விசை வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடையே 800 கிராம்தான். தன்னைவிடப் பத்து மடங்குக்கும் மேலான பாரத்தை இழுக்க வைக்கிற ட்ரிகர், குறியைக் கீழேயும் பக்கத்திலும் தள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? நாகானில் குறி தவறுகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணால் தவறுவதில்லை, விரலால் தவறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் பாரம் ஏறக்குறையப் பாதிக்குக் குறையும், துல்லியம் கூடும். ஜார் காலத்தில் ஆபீசர்களுக்கு இரண்டு விதத்திலும் சுடக்கூடிய நாகானும், சாதாரணப் படையாளுக்கு ஹேமரை இழுத்தால் மட்டுமே சுடும் நாகானும் கொடுத்தார்கள். சிப்பாய் தோட்டாவை வீணடிப்பான் என்ற எண்ணம். புரட்சிக்குப் பிறகு அந்த இரண்டாவது வகையைச் செய்வதை விட்டுவிட்டார்கள்.

தோட்டா நிரப்புவது இன்னும் மெதுவான வேலை. வலப்பக்கம் உள்ள சின்னக் கதவைத் திறக்க வேண்டும். சிலிண்டரின் அச்சுக்குள் ஒளிந்திருக்கும் கம்பியை முன்னால் உருவி, பேரலைச் சுற்றியிருக்கும் வளையத்தோடு சேர்த்து வலப்பக்கம் திருப்பி, அறைக்கு நேரே நிறுத்த வேண்டும். அதைப் பின்னால் அழுத்தினால் ஒரு காலி உறை வெளியே விழும். சிலிண்டரை ஒரு படி திருப்பு, மறுபடி அழுத்து. இப்படி ஏழு முறை. பிறகு கம்பியைப் பழைய இடத்தில் செருகி, ஒவ்வொன்றாக ஏழு தோட்டா போட்டு, கதவைச் சாத்த வேண்டும். அவசரத்தில் கம்பியைத் திரும்பச் செருகாமல் விட்டால் துப்பாக்கி இடுப்பு உறைக்குள்ளேயே போகாது. இதற்கு முன் ரஷ்யர்கள் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோ நடுவில் மடித்தால் எல்லாக் காலி உறைகளையும் ஒரே தள்ளில் கொட்டிவிடும். அதாவது வேகமாக நிரப்பக்கூடிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மெதுவாக நிரப்புகிற துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். 1910-ல் சிலிண்டரைப் பக்கவாட்டில் வெளியே திறக்கும் மாதிரி ஒன்றையும் லியேஜ் செய்து காட்டியது, ரஷ்யா வாங்கவில்லை.

விளையாட்டில் இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. தோட்டா தீர்ந்து நிரப்புகிற நேரம் மெஷின் கன்னுக்கும் ஷாட்கன்னுக்கும் மட்டும்தான். கைத்துப்பாக்கி டால்கள் சண்டை முடியும் வரை நிறுத்தாமல் சுடுவார்கள், ஏழு என்ற எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐந்து பேர் கொண்ட அணியில் ஒவ்வொருத்தியின் தோட்டாவையும் எண்ணிக்கொண்டிருந்தால் யாரும் ஆட மாட்டார்கள். ஆனால் ஓட்டையை அடைத்ததன் பலனையும் எடுத்துவிட்டு, அதற்காகச் சுமந்த பாரத்தையும் எடுத்துவிட்டால் நாகானில் மிச்சம் இருப்பது பெயர்தான். அந்தப் பெயருக்கு உடம்பு கொடுக்க விளையாட்டுக்காரர்கள் வேறு எதையோ தேட வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்தது வயது.

கோல்ட்தான் மூத்தவள்

நாகான் டாலுக்குச் சிறுமியின் உருவம். பேச்சு கிழவியின் பேச்சு. வோட்கா பிரியம். எதிரில் இருப்பவர் எல்லோரும் அவளுக்குப் பொடிசுகள். டோக்கரெவ், மக்காரோவ், ஸ்டெச்கின் என்று தனக்குப் பின்னால் வந்த ரஷ்யத் துப்பாக்கிகள் எல்லாம் பக்கத்திலேயே டால்களாக நிற்கும்போது, இவள் பாட்டியாக இருப்பது நியாயம் என்றே முதலில் தோன்றும். டோக்கரெவ் 1930-களின் ஆரம்பம், மற்ற இரண்டும் 1951. ஆனால் பட்டியலில் முதல் எண்ணில் இருக்கிற கோல்ட் ரிவால்வரைப் பாருங்கள். கோலா குடித்துக்கொண்டு துள்ளித் திரிகிற பெண். அந்தத் துப்பாக்கி பிறந்தது 1873-ல். நாகானைவிட 22 வயது மூத்தவள் அவள்தான். பிறந்த வருடம்தான் கணக்கு என்றால் கோல்ட் கொள்ளுப்பாட்டியாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் அந்தக் கேரக்டரை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை வருகிறது. துப்பாக்கிக்கு வயது பிறந்த தேதியால் வருவதில்லை, எவ்வளவு காலம் வேலை பார்த்தது என்பதால் வருகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கோல்ட்டை அமெரிக்க ராணுவம் சுமார் இருபது வருடத்தில் ஓரங்கட்டிவிட்டது. பிறகு அது பொழுதுபோக்குக் கதைகளுக்குள் குடியேறி அங்கே இளமையாகவே தங்கிவிட்டது. நாகானுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. ஜப்பானோடு நடந்த போர், முதல் உலகப் போர், உள்நாட்டுப் போர், பின்லாந்துப் போர், ஜெர்மனியோடு நடந்த போர். அதற்குப் பதிலாக வந்த டோக்கரெவ் கையில் வந்த பிறகும் போர்க்காலத் தேவைக்காக இதையும் செய்துகொண்டே இருந்தார்கள். ராணுவம் விட்ட பிறகு காவலாளிகள் இடுப்பில் போனது. பேரன் பேத்தி எல்லாம் வேலைக்குப் போன பிறகும் வயலுக்குப் போவதை நிறுத்தாத கிழவிகளை நமக்குத் தெரியும். நாகானின் முதுமை அந்த வகை. சின்ன உடம்பும் பொருத்தம்தான்: 235 மில்லிமீட்டர் நீளம், மெலிந்த பேரல், சின்னக் கைப்பிடி. பக்கத்தில் கோல்ட்டை வைத்தால் உண்மையிலேயே சிறுமிபோலத்தான் தெரியும்.

ஆபீசரின் இடுப்பும் ஒன்பது கட்டமும்

விளையாட்டின் இன்னொரு முடிவையும் பாராட்டியே ஆக வேண்டும். கைத்துப்பாக்கி டால்களின் அடி மற்றவர்களைவிடக் குறைவு. அவர்களின் வேலை, ஒன்பது கட்டம் கொண்ட களத்தில் தாங்கள் நிற்கிற கட்டத்தைச் சுற்றியுள்ளவர்களுக்குப் பலம் கொடுப்பது. மற்ற வகைகளின் கட்டப் பலன் குறிப்பிட்ட ஒரு வகை துப்பாக்கிக்குத்தான் போகும். கைத்துப்பாக்கியின் பலன் எல்லா வகைக்கும் போகும். துப்பாக்கிப் பிரியர்கள் பலர் இதை விளையாட்டுக்கான செயற்கை ஏற்பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாகான் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஆபீசர், படையணித் தலைவன், பீரங்கிக்காரன், மெஷின் கன் குழுவினன், பிற்காலத்தில் கட்சியின் அரசியல் அதிகாரியான கமிசார். தன் குண்டால் சண்டையைத் தீர்க்க வேண்டிய ஆள் இவர்களில் ஒருவரும் இல்லை. நாற்பது பேரை எழுப்பி முன்னால் நடக்க வைப்பதோ, பீரங்கியை இயக்குவதோதான் அவர்களின் வேலை. இடுப்பில் இருந்த ரிவால்வர் அதிகாரத்தின் அடையாளம், கடைசி நேரத் துணை. சுற்றி நிற்பவர்களைப் பலப்படுத்துகிற துப்பாக்கி என்பது ராணுவக் கைத்துப்பாக்கிக்கு மிகச் சரியான விளக்கம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஆடுகிறவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். 2 நட்சத்திரம்தானே, எப்படியும் அடி விழப்போவதில்லை என்று நாகானை டம்மி லிங்க் செய்யாமல், அதாவது அதே டாலின் நகல்களை அவளோடு சேர்க்காமல், அப்படியே விட்டுவிடுவார்கள். கைத்துப்பாக்கியின் கட்டப் பலன் லிங்க் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும். ஐந்து லிங்க் வரும்போது முதலில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. லிங்க் திறப்பது லெவல் 10, 30, 70, 90-ல். தேவைப்படும் நகல்கள் முறையே 1, 1, 2, 3, ஆக மொத்தம் ஏழு. நாகானின் அறைகளும் ஏழு என்பது தற்செயல்தான் என்றாலும் மனதில் நிற்கும். நகல் கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாகச் செலவிடும் கோர் என்ற பொருள் ஏழு போதும். 5 நட்சத்திர டாலுக்கு இதே வேலைக்கு 105 கோர் கொட்ட வேண்டும். நகல் கிடைப்பதும் சிரமமில்லை. டால் தயாரிக்கச் செலவாகும் நான்கு வளங்களிலும் 130 வைத்து ஃபேக்டரியை ஓட்டினால் கைத்துப்பாக்கிகளாக வந்துகொண்டிருக்கும். நான்கின் கூட்டுத்தொகை 920-ஐத் தாண்டினால் கைத்துப்பாக்கி வராது, அதை மட்டும் கவனிக்க வேண்டும். இன்னொரு தவறு, முக்கியமான ரைஃபிள் டாலை நாகானின் பலன் விழாத கட்டத்தில் நிறுத்துவது. சண்டை ஆரம்பிக்கும்போது யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பிறகு இங்கும் அங்கும் நகர்த்தினாலும் பலன் போகாது. எனவே அடி வாங்காமல் ஓடுவதற்கான இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கட்டம் பொருந்த வேண்டும்.

மறுபடி அந்த சைலன்சர்

துப்பாக்கிச் சத்தம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. பேரல் முனையில் வெடித்து வெளியேறும் வாயு ஒன்று. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டினால் காற்றில் எழும் சொடுக்கு ஒன்று. துப்பாக்கியின் பாகங்கள் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும் சத்தம் ஒன்று. முனையில் மாட்டும் சைலன்சர் முதல் சத்தத்தைத்தான் குறைக்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் மேல்பாகம் பின்னால் போய்த் திரும்பும் சத்தம் மிச்சம் இருக்கும், காலி உறை தெறித்துத் தரையில் விழுவதும் கேட்கும். ரிவால்வரில் இந்த இரண்டும் இல்லை, காலி உறை சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். நாகானின் குண்டு நொடிக்கு 270 மீட்டர் சொச்சம், ஒலியின் வேகம் 340 மீட்டர் சுமார். ஆகவே சொடுக்கும் இல்லை. கோல்ட்டின் கனமான குண்டும் ஒலியைவிட மெதுவானதுதான். இத்தனை சாதகமும் இருந்தும் ரிவால்வருக்கு யாரும் சைலன்சர் மாட்டாததற்கு ஒரே காரணம் அந்த ஒரு முடி இடைவெளி. நாகானில் அது கிடையாது.

மித்தின் சகோதரர்கள் என்ற ரஷ்ய வடிவமைப்பாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சகோதரர்கள் என்பதற்கான ரஷ்யச் சொல்லின் முதல் எழுத்துகளையும் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து பிராமித் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ரப்பர் வட்டுகள். குண்டு அவற்றைத் துளைத்துக்கொண்டு போனதும் துளை சுருங்கி வாயுவைத் தடுக்கும். நாகானின் தட்டையான மூக்குக் குண்டு ரப்பரைத் துளைக்காமல் பிய்த்துவிடும் என்பதால் கூர்மூக்குக் குண்டோடு தனித் தோட்டா செய்தார்கள். உளவுப் படைகளும் எதிரியின் பின்பக்கம் வேலை செய்த பார்ட்டிசான் குழுக்களும் அதைப் பயன்படுத்தினார்கள். 1890-களில் கொஞ்சம் வேகத்துக்காக அடைத்த ஓட்டை, அடுத்த தலைமுறையில் சத்தமில்லாமல் கொல்வதற்குப் பயன்பட்டது.

இந்த வரலாறு இருட்டானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேக்கா என்ற சோவியத் ரகசியப் போலீஸ் ஆட்களின் தோல் கோட்டு நினைவுக்கு வரும்போதெல்லாம் அதன் இடுப்பில் இந்தத் துப்பாக்கியும் வரும். 1918 ஜூலை 17 அதிகாலை யெக்காத்தெரின்பர்க்கில் ஜார் குடும்பத்தைச் சுட்ட அடித்தள அறையில் இருந்த ஆயுதங்களில் நாகான்களும் உண்டு. ஸ்டாலின் ஆட்சியில் 1937, 1938 வருடங்களின் கைது இரவுகளில் அதிகாரிகள் கையில் இருந்த துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று. வோட்கா குடித்துப் பழங்கதை பேசுகிற பாட்டி என்ற உருவம் அந்த நினைவைச் சுமக்க மிகவும் லேசானது. இவ்வளவு காலம் வேலை பார்த்தவள் என்று வயதைக் கொடுத்தவர்கள், அந்த வேலை என்ன என்பதையும் அவள் முகத்தில் கொஞ்சம் வைத்திருக்கலாம். சத்தமில்லாதவள் என்ற குணம் அதற்கு நல்ல வாசலாக இருந்திருக்கும்.

விளையாட்டே அதற்கு இடம் கொடுத்தும் இருக்கிறது. அந்த உலகத்தில் டாலும் துப்பாக்கியும் எச்சிங் என்ற தொழில்நுட்பத்தால் பிணைக்கப்பட்டவர்கள். துப்பாக்கியைத் தன் உடம்பின் ஓர் உறுப்பாகவே டால் உணர்வாள் என்பது அதன் அடிப்படை. அப்படியென்றால் ஹேமரை இழுக்கும்போது தன் நெஞ்சுக்கூடு ஓரங்குலத்தின் சிறு பகுதி முன்னால் நகர்ந்து பூட்டிக்கொள்வதை நாகான் உணர வேண்டும். கோல்ட் அதை ஒருநாளும் உணரமாட்டாள். எண்ணில் இதைக் காட்டுவதும் எளிது. பொதுவான சைலன்சரை நாகானுக்கு மாட்டும்போது மட்டும் தப்பிக்கும் எண் இன்னும் கொஞ்சம் கூடட்டும். அந்த 9 கிலோ ட்ரிகருக்காகச் சுடும் வேகம் கொஞ்சம் குறையட்டும். கோல்ட்டுக்கும் பைத்தானுக்கும் சைலன்சரின் பலன் பாதியாகட்டும். 2 நட்சத்திர டால் ஒருத்தி ஒரே ஒரு விஷயத்தில் 4, 5 நட்சத்திரக்காரிகளை மிஞ்சி நிற்பாள். ஏன் என்று கேட்கிற பையனோ பெண்ணோ சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள ஒளிக்கீற்றைத் தேடிப்போவார்கள்.

அந்த அடைப்பு துப்பாக்கியில் மட்டும் இல்லை, பாதி தோட்டாவில் இருக்கிறது என்பதை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தினமும் பார்க்கிறார்கள். பழைய நாகான்கள் அங்கே மலிவாக ஏராளமாக இறங்கின, தோட்டாதான் எளிதில் கிடைக்காது. அறைக்குள் நுழைகிறதே என்று .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார்கள். அது சுடவும் செய்யும். ஆனால் அந்த உறை குட்டை, சிலிண்டரின் முன்முகம் வரைகூட வராது. அறை அதற்குக் கொஞ்சம் அகலம். வெளியே எடுத்தால் அடிவயிறு ஒரு பக்கமாக உப்பியிருக்கும், சிலது நீளவாக்கில் பிளந்தும் இருக்கும். சிலிண்டர் வழக்கம்போல முன்னால் போய்ப் பூட்டிக்கொண்டிருக்கும், உள்ளே பேரலைத் தொட உறையின் வாய் மட்டும் இருந்திருக்காது. சரியான 38 மில்லிமீட்டர் உறையைச் சுட்டபின் எடுத்துப் பார்த்தால், முன்பு குறுகி மூடியிருந்த வாய் முழுதாக விரிந்து நேராக நிற்கும், அதன் விளிம்பில் பேரலின் பின்முனை பதித்த மெல்லிய வளையக் கோடு ஒன்று இருக்கும்.